புதிய கணிப்பொறியும் பழைய கடிதங்களும்

வீடு மாறும்போது பாத்திரங்களையும் துணிமணிகளையும் ஒழுங்காகக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டு, பரணில் இருந்த தகரப் பெட்டியை மறந்து விட்டுச் செல்பவர்கள் உண்டு. புது வீட்டில் ஒரு மாதம் கழிந்த பிறகுதான், பல ஆண்டுக் கடிதங்கள் அந்தப் பெட்டியில் இருந்தது நினைவுக்கு வரும். கணிப்பொறியின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போதும் இத்தகைய இழப்பு நேருகிறது. அது எவ்வாறு நேருகிறது, அதைத் தவிர்ப்பது எப்படி, பழைய அஞ்சல் நிரலுக்குப் பதிலாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பவற்றை இங்கே காண்போம்.

விண்டோஸ்-10 இயங்குதளத்துக்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அதனால் பலர் விண்டோஸ்-11-க்கோ லினக்சுக்கோ மாறி வருகின்றனர். மாறியவர்களில் சிலர், 'வழக்கமாகக் கடிதம் படிக்கும் நிரலைக் காணோமே!' என்று திகைக்கின்றனர். இந்தத் திகைப்பு புதியதன்று. விண்டோஸ் எக்ஸ்பி-யில் இருந்த அவுட்லுக் எக்ஸ்பிரஸ், 2007-இல் வந்த விஸ்டாவில் இல்லை. 2009-இல் வந்த விண்டோஸ்-7-இல் அஞ்சல் நிரலே இல்லை. விண்டோஸ் லைவ் மெயில் என்பதைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கான ஆதரவும் 2017 ஜனவரியில் முடிந்தது. விண்டோஸ்-10-உடன் வந்த 'மெயில்' நிரலின் ஆயுள் 2024 டிசம்பர் 31-உடன் தீர்ந்தது. ஆக, நிரல்கள் வரும், போகும். கடிதங்கள் மட்டும் போய்விடக் கூடாது.

ஒரு பேராசிரியரின் அனுபவம்

எங்கள் துறையிலிருந்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், பழுதடைந்து வந்த தம் கணிப்பொறியைக் கடை ஒன்றில் கொடுத்துப் புதுப்பித்தார். பழைய வட்டை எடுத்துவிட்டு, விரைவாக இயங்கும் புதிய திண்ம நிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தி, புதிய இயங்குதளத்தையும் நிறுவிக் கொடுத்தனர். படங்களும் கட்டுரைகளும் வந்து சேர்ந்தன. கடிதங்கள் வரவில்லை. இணையத்தில் தம் கணக்கைத் திறந்து பார்த்தபோது, அண்மையில் வந்த சில கடிதங்களே இருந்தன. காலஞ்சென்ற தம் தமையனார் எழுதிய கடிதங்கள் அனைத்தும் மறைந்து போயிருந்தன. அவருடைய கவலை பெரிதும் அதைப் பற்றியதே.

கடிதங்கள் எங்கே போயின? இதற்கு விடை காண, மின்னஞ்சல் இயங்கும் முறையைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும்.

கடிதம் இருக்குமிடம்

நீங்கள் அனுப்பும் கடிதம், பெறுபவரின் கணிப்பொறிக்கு நேரே செல்வதில்லை. முதலில் உங்கள் அஞ்சல் வழங்கிக்கும், அங்கிருந்து பெறுபவரின் வழங்கிக்கும் செல்கிறது. வழங்கி என்பது இரவும் பகலும் இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அஞ்சலகம் எனலாம். அனுப்புவதற்கான நெறிமுறை எஸ்.எம்.டி.பி.; இது 1982-இல் வகுக்கப்பட்டது.

அஞ்சலகத்திலிருந்து கடிதத்தைப் பெற இரு வழிகள் உள்ளன. முதல் வழி பாப் என்னும் நெறிமுறை. உங்கள் நிரல் வழங்கிக்குச் சென்று, காத்திருக்கும் கடிதங்களை வாங்கி வந்து உங்கள் கணிப்பொறியில் வைக்கிறது. 'நகல் ஒன்றை அங்கேயே வை' என்று குறிப்பிடாவிட்டால் வழங்கியில் அவை அழிக்கப்படும். இது தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த கடிதம் போன்றது. கொடுத்த பிறகு அஞ்சலகத்தில் கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது வழி ஐமேப். இதனை 1986-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கினார். இம்முறையில் மூலக் கடிதம் வழங்கியிலேயே இருக்கும். உங்கள் நிரல் அதன் நகலைக் காட்டும். கணிப்பொறி, கைப்பேசி இரண்டிலும் ஒரே கடிதத்தைக் காணலாம்.

ஐமேப் முறையில் இருந்தவர் புதிய நிரலில் தம் கணக்கைச் சேர்த்தாலே போதும். வழங்கியில் உள்ள கடிதங்கள் யாவும் வந்துவிடும். பாப் முறையில் இருந்தவருக்கோ கடிதங்கள் பழைய வட்டில் மட்டுமே உள்ளன. நம் பேராசிரியர் இரண்டாம் வகையினர். எனவே, புதுப்பிக்கும் முன்பு 'என் கணக்கு பாப் முறையா, ஐமேப் முறையா?' என்று நிரலின் கணக்கு அமைப்புப் பக்கத்தில் பார்த்துக்கொள்வது இன்றியமையாதது. ஐமேப் முறையினரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில நிரல்களில் 'கணிப்பொறியில் மட்டும்' என்று தனிக் கோப்புறை இருக்கும். அதில் நகர்த்தி வைத்தவை வழங்கியில் இரா.

பெட்டியின் பூட்டு

கடிதங்கள் வட்டில் எவ்வாறு எழுதி வைக்கப்பட்டுள்ளன என்பது அடுத்த கேள்வி. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் ஒவ்வொரு கோப்புறையையும் டி.பி.எக்ஸ். என்னும் தனக்கே உரிய கோப்பாக வைத்தது. அவுட்லுக் நிரல் பி.எஸ்.டி. என்னும் கோப்பில் அனைத்தையும் அடக்குகிறது. விண்டோஸ் லைவ் மெயில் ஒவ்வொரு கடிதத்தையும் இ.எம்.எல். என்னும் தனிக் கோப்பாக வைத்தது. தண்டர்பேர்ட் வழக்கமாகப் பயன்படுத்தும் எம்பாக்ஸ் முறையில், ஒரு கோப்புறையின் கடிதங்கள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே எழுத்துக் கோப்பில் அமையும்.

இவற்றுள் இ.எம்.எல்., எம்பாக்ஸ் ஆகியவை திறந்த பெட்டிகள். எந்தச் சாதாரண எழுத்துத் திருத்தியாலும் அவற்றைத் திறந்து பார்க்கலாம். டி.பி.எக்ஸ்., பி.எஸ்.டி. ஆகியவற்றுக்கோ உரிய சாவி தேவை.

இதன் சிறப்பை யூடோரா என்னும் நிரலின் வரலாறு காட்டுகிறது. 1988-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டார்னர் எழுதிய இந்நிரல், ஒரு காலத்தில் உலகெங்கும் பயன்பட்டது. பின்னர் குவால்காம் நிறுவனத்தின் கைக்கு வந்து, 2006-இல் அதன் வணிகப் பதிப்பு நிறுத்தப்பட்டது. ஆயினும் அதில் சேமித்த கடிதங்கள் எம்பாக்சை ஒத்த எழுத்துக் கோப்புகளாக இருந்தமையால், அவற்றை இன்றும் படிக்க முடிகிறது. நிரல் மறைந்தது, கடிதம் மறையவில்லை.

தேர்ந்தெடுக்கும் முறை

புதிய நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது அதன் அழகைப் பார்க்கும் முன்பு ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

ஒன்று: கடிதங்களைத் திறந்த அமைப்பில் வெளியே எடுக்க வழி உண்டா? உள்ளே வரும் வழியைவிட வெளியேறும் வழியே முக்கியம்.

இரண்டு: உங்கள் கணக்கின் நெறிமுறையை அது ஏற்கிறதா?

மூன்று: புதிய நுழைவு முறையை அறியுமா? முன்பெல்லாம் கடவுச்சொல்லை நிரலிடமே கொடுத்துவிடுவோம். ஓஆத் எனப்படும் இப்போதைய முறையில், அஞ்சல் நிறுவனத்தின் பக்கத்தில் நாமே நுழைந்து, நிரலுக்கு ஓர் அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கித் தருகிறோம். ஜிமெயில் முதலியவை இம்முறையையே எதிர்பார்ப்பதால், மிகப் பழைய நிரல்கள் சரியான கடவுச்சொல்லைத் தந்தும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

நான்கு: கடிதங்கள் யார் வழியாகச் செல்கின்றன? விண்டோஸ்-11-இல் உள்ள புதிய அவுட்லுக்கில் வேறு நிறுவனத்துக் கணக்கைச் சேர்த்தால், அக்கடிதங்களின் நகல் மைக்ரோசாஃப்டின் வழங்கிகளிலும் ஒத்திசைக்கப்படலாம். இது சிலருக்கு வசதி, சிலருக்கு உடன்பாடன்று. தெரிந்து முடிவு செய்ய வேண்டும்.

ஐந்து: பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து வெளியிடப்படுகின்றனவா? கைவிடப்பட்ட நிரல் பூட்டில்லாத வீடு.

இக்கேள்விகளுக்குப் பெரும்பாலும் நிறைவான விடை தருவது தண்டர்பேர்ட். 2004-இல் முதற்பதிப்பு வெளிவந்த இது விலையின்றிக் கிடைப்பது. மூல நிரல் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவது. லினக்சுக்கு மாறுவோர்க்கு எவொல்யூஷன், கே-மெயில் ஆகியவையும் உள்ளன. நினைவகம் குறைந்த கணிப்பொறிக்குக் கிளாஸ் மெயில் ஏற்றது. ஆனால் அதன் தோற்றம் எளிமையானது. அலுவலகத்தில் நாட்காட்டியும் கடிதமும் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருப்பவர்க்கு அவுட்லுக்கே பொருந்தும்.

மாற்றும் வழி

முதலில், பழைய நிரலின் கோப்புறை முழுவதையும் வெளி வட்டு ஒன்றில் நகல் எடுங்கள். இக்கோப்புறை பெரும்பாலும் மறைந்த இடத்தில் இருப்பதால், 'ஆவணங்கள்' மட்டும் நகலெடுத்தால் அது வராது. முகவரிப் புத்தகத்தையும் தனியே எடுத்து வையுங்கள்.

பிறகு புதிய நிரலில் இறக்குமதி வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையேல் பொதுவான ஒரு வழி உண்டு. பழைய நிரலிலேயே ஓர் ஐமேப் கணக்கைச் சேர்த்து, பழைய கடிதங்களை அக்கணக்கின் கோப்புறைக்கு நகலெடுங்கள். அவை வழங்கிக்கு ஏறிவிடும். புதிய நிரலில் அதே கணக்கைச் சேர்த்தால் அங்கே இறங்கிவிடும். ஒன்றின் மொழியை மற்றொன்று அறியாத இரு நிரல்களுக்கு வழங்கி இடைத்தரகராக அமைகிறது. கணக்கில் போதிய இடம் வேண்டும். மின்னஞ்சலின் இணைப்புகள், ஒவ்வொரு 3 பைட்டுக்கும் 4 எழுத்துகளாக மாற்றி அனுப்பப்படுகின்றன. ஆகவே 3 மெகாபைட் படம் கடிதத்தில் சற்றேறக்குறைய 4 மெகாபைட் ஆகும். கணக்கிடும்போது இதை நினைவில் கொள்க.

புதிய நிரலில் கடிதங்களின் எண்ணிக்கையைச் சரிபார்த்த பிறகே பழையதை அழிக்க வேண்டும். அழிந்த பின் மீட்பது கடினம். காந்த வட்டில், அழித்த கோப்பின் மேல் வேறொன்று எழுதப்படும் வரை அதன் தடயம் தங்கும். திண்ம நிலைச் சேமிப்பகத்திலோ, அழித்த பகுதிகளை அச்சாதனமே பெரும்பாலும் விரைவில் துடைத்துவிடுகிறது.

தமிழ்க் கடிதங்கள்

பேராசிரியருக்கு நல்வாய்ப்பாக, கடைக்காரர் பழைய வட்டைக் காகிதப் பையிலிட்டுத் திருப்பித் தந்திருந்தார். அதனை வெளி வட்டாக இணைத்துத் தேடினோம். மறைந்த கோப்புறையில் கடிதங்கள் இ.எம்.எல். கோப்புகளாக இருந்தன. அவை தண்டர்பேர்டுக்குள் வந்தன. ஆனால் தமையனாரின் கடிதங்களில் தமிழுக்குப் பதில் விந்தையான குறிகளே தெரிந்தன!

காரணம் எளியது. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே வைக்கிறது. ஒருங்குறியில் 'அ' என்பதன் எண் 2949. முன்பு பலர் பயன்படுத்திய டிஸ்கி குறியேற்றத்திலோ அது 171. அதே 171 மேலைநாட்டுக் குறியேற்றத்தில் « என்னும் மேற்கோள் குறி. எண் கெடவில்லை, அதைப் படிக்கும் அட்டவணைதான் மாறிவிட்டது. டிஸ்கியை ஒருங்குறியாக மாற்றும் நிரலில் இட்டவுடன் கடிதங்கள் மீண்டும் தமிழாயின. 'அன்புள்ள தம்பிக்கு' என்ற முதல் வரியைப் படித்துவிட்டுப் பேராசிரியர் நெடுநேரம் பேசவில்லை.

வாசகர்களே, உங்கள் கணிப்பொறியைப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால், கடைக்குக் கொண்டு செல்லும் முன்பு ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கடிதங்களை நகல் எடுங்கள். எந்த நிரலும் என்றென்றும் இருக்கப் போவதில்லை. அடுத்த மாற்றத்தின்போது எளிதில் வெளியே எடுக்கக்கூடிய வடிவில் கடிதங்களைக் காக்கும் நிரலே நல்ல நிரல்.