முகச் செம்மையும் ஒளிச் சிகிச்சையும்

கன்னம், மூக்கு, நெற்றி, மோவாய் ஆகிய இடங்களிற் செம்மை படர்ந்து நிலைபெறுவதும், நுண்ணிய குருதிக் கலன்கள் வலைபோல் வெளித்தோன்றுவதும், சிறு பருக்கள் எழுவதும் ரொசேசியா என்னும் தோல்நோயின் குறிகளாம். சிலருக்குக் கண்ணிமைகளும் உறுத்தும். வெயில், அடுப்பின் வெம்மை, மது, காரம், ஆவி பறக்கும் தேநீர், மனக்கலக்கம் என்பன இதனைத் தூண்டுவன.

இது வெண்தோலினர்க்கே உரிய நோயென நெடுங்காலம் எண்ணப்பட்டது. கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் ஸ்கொத்லாந்து நாட்டவர். அவர் போன்ற வெளிர்மேனியர் முகத்திற் செம்மை படரின் எட்ட நிற்போர்க்கும் அது புலனாகும். அத்தோட்டங்களிற் கொழுந்து கொய்வோரின் கருமேனியிலோ அதே செம்மை நிறத்துள் மறைந்துவிடும். எரிவும் கடுப்பும் மட்டுமே அவர்க்குத் தெரியும். காணப்படாததை இல்லாததென்று கொண்டதே பிழை. இப்பிழையின் விலை சிறிதன்று. வெயிற்கொதிப்பு என்றோ முகப்பரு என்றோ கருதிக் கடையிற் பெறும் வெண்மைப் பசைகளுட் சில ஸ்டீரொயிட் கலந்தவை. அவை முதலில் எரிவைத் தணித்து, பின்னர்த் தோலை மெலிவித்துக் குருதிக் கலன்களை மேலும் விரியச் செய்யும்.

தோல்நோயை ஒளியாற் போக்கலாம் என்பதை நிறுவியவர் கொப்பன்ஹேகன் நகரில் ஆய்வு செய்த நீல்ஸ் பின்சன். தோற் காசத்தை ஒளியாற் குணப்படுத்தியமைக்காக 1903 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். 1960 இல் அமெரிக்கரான மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அவ்வொளி பிறந்தது மாணிக்கப் பளிங்கிலிருந்து என்பது இரத்தினபுரியை அறிந்தோர்க்கு இனிக்கும் செய்தி. ஆயின் அக்கல் ஆய்கூடத்தில் ஆக்கப்பட்டதே.

நண்பகலிற் கோயில் முற்றத்துக் கருங்கல் பாதத்தைச் சுடும். அருகே சுண்ணம் பூசிய தரை அவ்வளவு சுடாது. நிறத்திற்கேற்ப ஒளி உறிஞ்சப்படுகின்றது. அண்டர்சன், பரிஷ் என்னும் இருவர் 1983 இல் வெளியிட்ட கொள்கையும் இதனையே அடியாகக் கொண்டது. குருதியின் ஈமோகுளோபின் விரும்பி உறிஞ்சும் அலைநீளத்தில், கலனின் வெப்பம் அயலுக்குப் பரவுமுன் முடிந்துவிடும் குறுந்துடிப்பாக ஒளியைச் செலுத்தின், கலன் மட்டும் வெந்து சுருங்கும். 585, 595 நனோமீற்றர் அலைநீளமுடைய சாய லேசர் இவ்வகையது. செறிதுடிப்பொளி எனப்படுவது லேசர் அன்று. செனன் விளக்கின் பல அலைநீள ஒளியை வடிகட்டித் தருவது.

இனித்தான் இடர்ப்பாடு. குருதிக் கலனை அடையுமுன் ஒளி மேற்றோலின் மெலனினைக் கடத்தல் வேண்டும். வெண்தோலில் அது மெல்லிய திரை. நம்மவர் தோலில் அதுவே ஒளியின் பெரும் பங்கை விழுங்கிச் சூடேறும். கொப்புளமும் கருந்தழும்பும் வெண்திட்டும் இதனால் விளைவன. ஆதலின், மெலனின் குறைவாக உறிஞ்சுவதும் ஆழச் செல்வதுமான 1064 நனோமீற்றர் நியோடிமியம்-யாக் லேசரே கருமேனிக்குப் பெரிதும் ஏற்றதெனக் கருதப்படுகின்றது. செறிதுடிப்பொளியிற் கூடிய விழிப்பு வேண்டும். எதுவாயினும் மேற்றோலைக் குளிர்வித்து, குறைந்த ஆற்றலில், மறைவான ஓரிடத்தில் முதலிற் சோதித்தல் முறை.

ஒளி, கலன்களையும் நிலைத்த செம்மையையுமே குறைக்கும், நோயை வேரறுக்காது. சில கிழமை இடைவெளியிற் பலமுறை செய்தல் வேண்டும். ஆண்டுகள் கழிந்து செம்மை மீள்வதும் உண்டு. பருக்களுக்கு மெற்றோனிடசோல், ஐவர்மெக்ரின் பூச்சுகளும் டொக்சிசைக்கிளின் மாத்திரையுமே உதவுவன.

சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில கிழமைகள் வெயில் தவிர்க்கப்படல் வேண்டும் என்பது விதி. கண்டியிலோ ஆண்டில் இருமுறை ஞாயிறு நேர் உச்சியில் நிற்கும். பகலெல்லாம் மலைச்சரிவிற் கூடையுடன் நிற்கும் பெண்ணுக்கு இவ்விதி எளிதன்று. அவள் முதலில் நாட வேண்டியது அழகு நிலையத்து ஒளிக்கருவியை அன்று, அரசாங்க வைத்தியசாலையின் தோல்நோய்ப் பிரிவையே. அங்கு, இதுவரை முகத்திற் பூசிய பசையின் பெயரை மறைக்காது கூறுதல் வேண்டும்.