பாடசாலை விட்ட பின் பிள்ளை யார் பொறுப்பில்?



பிற்பகல் 2 மணிக்குள் பாடசாலை விட்டுவிடுகின்றது. அப்பொழுது தொடங்கி மஃரிப் வரை நம் பிள்ளைகள் யார் பொறுப்பில் இருக்கின்றனர்? தீய சகவாசமும் போதைப்பொருளும் நெருங்குவதற்கு வாய்ப்பான நேரம் அதுவே.

இப்பொறுப்பைத் தனியொருவர் சுமக்க இயலாது. 1892இல் மருதானையில் ஸாஹிராக் கல்லூரி உருவானது, சித்தி லெப்பையின் சிந்தனையும் வாப்பிச்சி மரைக்காரின் உழைப்பும் ஒராபி பாஷாவின் ஊக்கமும் ஒன்றிணைந்தமையாலாகும். 1958இல் நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஆரியரத்னவும் மாணவரும் பின்தங்கிய கிராமமொன்றின் மக்களோடு சேர்ந்து உழைத்தனர். அதிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது.

நம் மஹல்லாவிலும் இது இயலும். பள்ளிவாசல் ஒரு மண்டபத்தைத் திறந்துவிடட்டும். உயர்தரப் பரீட்சை எழுதிப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்போர் இளையோருக்குக் கணிதமும் ஆங்கிலமும் கற்பிக்கட்டும். வணிகர் கொப்பிகளுக்கும் மின்கட்டணத்துக்கும் பொறுப்பேற்கட்டும். பெற்றோர் முறைவைத்து மேற்பார்வை செய்யட்டும். அயலிலுள்ள சிங்கள, தமிழ்ப் பிள்ளைகளுக்கும் அங்கே இடமிருக்கட்டும்.

வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் அப்பிள்ளைகளும் பெரியோரும் வடிகான்களைத் துப்புரவு செய்தால் டெங்கு நுளம்பும் குறையும். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவதும் ஈமானின் கிளை என நபி (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள்.

பிள்ளைகள் அமானிதம். வரும் ஜும்ஆவில் நிருவாகிகளைச் சந்தியுங்கள். உங்களால் தரக்கூடியது பணமா, அறிவா, நேரமா எனக் கூறுங்கள்.