சுவர் வழியே கசியும் சூடு

ஓரிடம் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று வெப்பமானி சொல்லும். அங்கிருந்து எவ்வளவு வெப்பம் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. தொட்டியின் நீர்மட்டத்தைப் பார்த்துக் குழாயில் ஓடும் தண்ணீரை அளக்க முடியுமா? ஓட்டத்தையே அளக்க வந்தது வெப்பப்பாய உணரி.

ஆள் ஒன்றும் பிரமாதமில்லை. நெகிழும் பாலிஇமைடு படலத்தில் செய்த சிறு வில்லை, கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஓரத்தில் மெல்லிய கம்பிகள். சூட்சுமமெல்லாம் உள்ளே. இருவேறு உலோகங்களை இணைத்து, ஒரு சந்திப்பு சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். இந்த விளைவை 1821இல் கண்டவர் தாமஸ் சீபெக். வில்லை வழியே வெப்பம் பாயும்போது அதன் இரு முகங்களுக்கும் இடையே துளி வெப்பநிலை வேறுபாடு உண்டாகிறது. ஒரு ஜோடி தரும் மின்னழுத்தம் எதற்கும் போதாது. ஆகவே பல ஜோடிகளைத் தொடராகக் கோத்திருப்பார்கள். அப்போதும் சதுர மீட்டருக்கு ஒரு வாட் பாய்ந்தால் கிடைப்பது சில மைக்ரோவோல்ட்தான். வெப்பம் திசை மாறினால் அந்த மின்னழுத்தத்தின் கூட்டல் குறி கழித்தல் குறியாகிவிடும்.

கருவி எளிது, அதைச் சுவரில் ஒட்டுவதுதான் பாடு. வில்லைக்கும் சுவருக்கும் நடுவே காற்று சிக்கினால் அளவு பொய்த்துவிடும். வெப்பப் பசை தடவுவார்கள். தற்காலிக வேலைக்குப் பற்பசையே போதும் என்பவர்களும் உண்டு. வெயில் படாத சுவராகவும், பக்கத்தில் ஹீட்டர் இல்லாத இடமாகவும் பார்க்க வேண்டும். பகலில் வாங்கிய சூட்டைச் செங்கல் இரவில்தான் விடும் என்பதால், ஐஎஸ்ஓ 9869 தரநிலை குறைந்தது 72 மணி நேரமாவது அளக்கச் சொல்கிறது.

இப்படிப் பொறுமையாக அளந்ததில் பிரிட்டனில் ஒரு பழைய கணக்கே ஆட்டம் கண்டது. அங்குள்ள பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களில், உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால் சதுர மீட்டருக்கு 2.1 வாட் வெளியேறும் என்றே வெகுகாலம் எழுதிவந்தார்கள். உணரிகளை ஒட்டிப் பார்த்த ஆய்வுகளில் சராசரி 1.3, 1.6 என்றுதான் வந்தது. கலவை நிரம்பாமல் செங்கற்களுக்கு இடையே விட்டுப்போன காற்றுப் பொந்துகளும் இதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். கொத்தனாரின் அசட்டை குளிருக்குத் தடுப்பாகியிருக்கிறது! பின்னர் வீடுகளுக்கான எரிசக்திக் கணக்கீட்டு முறையில் 2.1ஐ 1.7 ஆக்கினார்கள். சுவருக்கு வெப்பத்தடுப்பு போட்டால் இவ்வளவு மிச்சமாகும் என்று வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன தொகையையும் குறைக்க வேண்டியதாயிற்று.