பாதாளத்தில் மண்டபம்! பாறையில் பெயர்!

செங்கற்பட்டில் மின்சார இரயில் ஏறிப் பூங்கா நிலையத்தில் இறங்கும் தோழர்கள் அறிவர், சென்னை சென்ட்ரலுக்கு அருகே மண்ணுக்கடியில் ஒரு மாளிகை இருக்கிறது என்பதை. 2018 மே 25 அன்று திறக்கப்பட்ட மெட்ரோ இரயில் நிலையம் அது. மேலே பயணச் சீட்டுத் தளம். அதன் கீழே, ஒன்றன் அடியில் ஒன்றாக, விமான நிலையத் தடத்துக்கும் பரங்கிமலைத் தடத்துக்கும் தனித்தனி நடைமேடைகள். தண்டவாளத்தில் எவரும் தவறி விழாதிருக்கக் கண்ணாடித் தடுப்பு. வண்டி வந்து நின்றபின்தான் கதவு திறக்கும்.

மண்ணுக்குள் இரயில் விடுவது புதுமையன்று. இலண்டன் நகரம் 1863லேயே விட்டது. அன்று நீராவி வண்டி, சுரங்கமெங்கும் புகை! இந்தியாவில் முதலில் விட்டது கல்கத்தா, 1984இல். சென்னையில் சுரங்க வண்டி ஓடத் தொடங்கியது 2017 மே 14 அன்று.

மேலே சாலை, சாலையில் வண்டிகள், பக்கத்தில் பழங்கட்டிடங்கள். எதுவும் சரியாமல், எதுவும் சாயாமல், அடியில் மண்டபம் எழுந்தது எப்படி? மந்திரமா? மாயமா? இல்லை, தோழர்களே! மூளையும் முதுகெலும்பும் சேர்ந்து செய்த வேலை.

முதலில் நிலையத்தின் எல்லையைச் சுற்றிலும் குறுகலாக, ஆழமாகப் பள்ளம் தோண்டுவர். பக்கமண் சரியாதிருக்கப் பெண்டோனைட் எனும் களிக்குழம்பை அதில் நிரப்புவர். இரும்புக் கம்பிக் கூட்டை உள்ளே இறக்கி, குழாய் வழியே அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவர். கான்கிரீட் ஏற ஏறக் களிக்குழம்பு வெளியேறும். சுவர் நிற்கும். பின்பு கூரை! ஆம், வீடு கட்டுவோர் கடைசியில் போடும் கூரையை இங்கே முதலில் போடுவர். அதன்பின் கூரைக்கடியில் மண்ணை வெட்டி, தளம் போட்டு, மீண்டும் வெட்டி, மீண்டும் தளம் போட்டுக் கீழே இறங்குவர். சென்னையின் சுரங்க நிலையங்கள் பல இவ்வாறு மேலிருந்து கீழாகக் கட்டப்பட்டவை.

மேலிருந்து கீழாக! இந்த முறை நம் கடற்கரைக்குத் தெரியாததா? மாமல்லபுரத்து இரதங்களை உற்றுப் பாருங்கள். 7ஆம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், நின்ற பாறையை உச்சியிலிருந்து செதுக்கிக்கொண்டே இறங்கினான் சிற்பி. முதலில் சிகரம், கடைசியில் அடித்தளம். உச்சி முடிந்தும் அடிப்பகுதி முடியாமல் நிற்கும் இரதங்களே அதற்குச் சாட்சி. கருவி வேறு, கல் வேறு, காலம் வேறு, கருத்து ஒன்று!

மாமல்லபுரத்தைக் கட்டியவர் யார் என்று கேட்டால், பல்லவ மன்னர் என்று பள்ளிப்பிள்ளை சொல்வான். உளி பிடித்தவர் யார்? அந்தக் கேள்விக்கும் ஊரருகிலேயே விடை உண்டு. பூஞ்சேரிப் பாறையில் சில பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. பெருந்தச்சன் ஒருவன், குணமல்லன் ஒருவன், கொல்லன் சேமகன் என்றொருவன். இவர்கள் இங்கே பணியாற்றிய சிற்பிகள், தொழிலாளர் என்பது அறிஞர் கருத்து. தச்சனும் கொல்லனும் கல்லில் பெயர் பெற்றார்கள், மன்னராட்சியிலே!

மக்களாட்சியிலே? நாம் கேட்கிறோம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்து, தகரக் கொட்டகையில் படுத்து, களிச்சேற்றில் நின்று, இரவு பகலாக உழைத்தவன் பெயர் எங்கே? மெட்ரோப் பணியில் உயிரிழந்த தொழிலாளியும் உண்டு. திறப்பு விழாக் கல்லில் தலைவர்கள் பெயர் இருக்கட்டும். வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பக்கத்தில் இன்னொரு கல்லுக்கு இடமில்லையா? தமிழன் ஆயினும் வடவன் ஆயினும், வேர்வை சிந்தியவன் நம்மவன்!

இன்று இரண்டாம் கட்டப் பணி நடந்து வருகிறது. ஏறத்தாழ 119 கிலோமீட்டர், மூன்று தடங்கள். அவற்றுள் ஒன்று மாதவரத்தில் புறப்பட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிறுசேரி வரை வருகிறது. மாமல்லபுரம் செல்லும் திசை அது! நம் மண்ணுக்கு வரும் தடம், நம் மண்ணின் மரபோடு வரட்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு கல் நடுக. அதைக் கட்டுகையில் மாண்டவர் பெயரை முதலில் வெட்டுக. எந்தெந்த ஊரார் உழைத்தனர் என்பதையும் எழுதுக.

பெருஞ்செலவில் எழும் நிலையத்திலே ஒரு கல்லின் விலை பெரிதன்று. தொழிற்சங்கத் தோழர்கள் இக்கோரிக்கையை இன்றே எழுப்பட்டும். பூஞ்சேரிப் பாறை 1300 ஆண்டுகளாகச் சுமக்கும் கடமையைச் சென்னையின் கான்கிரீட்டும் சுமக்கட்டும்!