உறிஞ்சினால் புண் ஆறுமா?

மாதேஸ்வரன் மலைக்கு வெறுங்காலில் நடந்து போகும் பக்தர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. நரம்பு மரத்த காலில் கல் குத்தினாலும் தெரியாது, கொப்புளம் புண்ணாகிவிடும்.

அது ஏன் எளிதில் ஆறுவதில்லை? புண்ணைச் சுற்றித் தேங்கும் நீர், நுண்ணிய ரத்தக் குழாய்களை நெரிப்பது ஒரு காரணம். இந்த நீரை உறிஞ்சி எடுக்கும் எதிர்மறை அழுத்த சிகிச்சையில், செத்த சதையை அகற்றிவிட்டு, குழியின் அளவுக்கு நறுக்கிய ஸ்பாஞ்சை உள்ளே வைப்பார்கள். மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் படலம் ஒட்டி, பெரும்பாலும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவில் உறிஞ்சுவார்கள். ஸ்பாஞ்ச் சப்பென்று சுருங்கும், நீர் குழாய் வழியே சேகரிப்பு டப்பாவுக்குப் போகும், வீக்கம் வடியும். இதைவிட அதிசயம், துளைகளுக்குள் இழுபடும் செல்கள் அந்த இழுவையாலேயே தூண்டப்பட்டுப் பெருகுவது! சிவப்பாக, மணிமணியாகப் புதுச்சதை எழும்பும்.

காலில் ரத்த ஓட்டம் போதாவிட்டால் இது பலிக்காது. முதலில் அதைச் சோதிக்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களே, செருப்போடு நடங்கள். தினமும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.