கண்ணாடி விரியன் காட்டிக்கொடுக்கும் நோய்

இரும்புலியூர், வண்டலூர் பக்கம் புதர் மண்டிய காலி மனையில் கண்ணாடி விரியன் தலைகாட்டினால் தெருவே கூடிவிடும். கடித்தால் ரத்தம் உறையாமல் போகும் என்பது எல்லோரும் அறிந்ததே. மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் விஷமுறிவு மருந்துக்காக இதன் விஷத்தை எடுக்கிறார்கள். இதே இனப் பாம்பின் விஷத்துக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்திலும் ஒரு வேலை உண்டு.

அங்கே அது தேடுவது ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம் என்ற நோயை. 1983-இல் லண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் இதை விவரித்தார். கிருமியை எதிர்க்க வேண்டிய ஆன்டிபாடிகள், நம் ரத்தத்திலேயே உள்ள பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் போன்ற புரதங்கள் மீது பாய்கின்றன. காலில் ரத்தக்கட்டு, இளவயதில் பக்கவாதம், அடுத்தடுத்துக் கருச்சிதைவு என்று விளைவுகள் பல.

விசித்திரம் என்னவென்றால், உடம்புக்குள் வேண்டாத இடத்தில் உறையும் இந்த ரத்தம், பரிசோதனைக் குழாயில் தாமதமாகத்தான் உறைகிறது. உறைவதற்குப் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வேண்டும்; ஆன்டிபாடி அதில் குறுக்கே நிற்கிறது. விரியன் விஷத்தை வெகுவாக நீர்க்கச் செய்து பிளாஸ்மாவில் விட்டால், அது உறைதலின் முந்தைய படிகளைத் தாண்டி, ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான பத்தாம் காரணியை நேரே தூண்டும். அப்போதும் உறையத் தாமதமாகி, பாஸ்போலிப்பிட்டைக் கூட்டியதும் தாமதம் குறைந்தால் ஆசாமி அகப்பட்டான். தொற்றுநோய்க்குப் பின் இந்த ஆன்டிபாடி தற்காலிகமாக வந்துபோவதுண்டு. அதனால் 12 வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள்.

அடுத்த கேள்வி வீட்டில் எழும்: "இது யார் வழியில வந்தது?" பெரும்பாலும் மருமகளைப் பார்த்துத்தான். இந்த நோய்க்கென்று ஒற்றை மரபணு கிடையாது. எதிரி யார், நம்மவர் யார் என்று உடலுக்கு அடையாளம் காட்டும் எச்.எல்.ஏ. மரபணுக்களில் டி.ஆர்.4, டி.ஆர்.7 வகைகள் சில ஆய்வுகளில் இந்நோயோடு தொடர்புபட்டன. பீட்டா-2 புரதத்தின் 247-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் வாலின் இருப்பதும் அப்படித்தான்; சில இன மக்களிடம் தொடர்பு தெரிந்தது, சிலரிடம் தெரியவில்லை. 1994-இல் நெதர்லாந்தில் கண்டறிந்த ஃபாக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் தனிக்கதை. அது இந்நோயைத் தராது, கூடவே இருந்தால் ரத்தம் கட்டும் ஆபத்தை ஏற்றும். ஐரோப்பியரைவிட இந்தியர்களிடம் அது குறைவு.

ஆன்டிபாடி இருந்தும் ரத்தக்கட்டே வராதவர்கள் உண்டு. கர்ப்பம், அறுவை சிகிச்சை, புகைபிடித்தல், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை என ஏதோ ஒன்று சேரும்போதுதான் பலருக்கு வினை. கர்ப்பகாலத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெபாரின் ஊசியும் கொடுத்தால் பெரும்பாலோர் குழந்தை பெற்றுவிடுகிறார்கள். ரத்தம் கட்டாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிற பெண் மட்டும், கருத்தரிக்க நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரை கருவுக்கு ஆகாது.