தேற்றாங்கொட்டையும் கழிவுநீர்த் திரளும்

கலங்கிய நீர் உள்ள குடத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண் திரண்டு அடியில் படியும். பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமப் பிள்ளைகள் இன்றும் விவரத்தோடு வருவார்கள். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் அங்கே கொட்டை இல்லை. பாக்டீரியாக்களே ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரள்கின்றன.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் இருவரும் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தினார்கள். படிந்த கசடைக் கொட்டிவிடாமல் அடுத்த முறை வந்த கழிவுநீரிலும் சேர்த்தார்கள். வாரக்கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. இதில் நாம் கவனிக்க மறக்கும் ஒன்று உண்டு: மிதப்பவை நீரோடு வெளியேறுகின்றன, திரண்டு படிபவை மட்டும் தொட்டியில் தங்குகின்றன. இயற்கைத் தேர்வுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

எந்த பாக்டீரியா திரளும்? மேல்நிலை வகுப்பில் கிரிஃபித்தின் 1928 சோதனையை நடத்தும்போது 'வழவழப்பான காலனி, சொரசொரப்பான காலனி' என்று சொல்லிவிட்டு டி.என்.ஏ.வுக்குத் தாவிவிடுகிறோம். சற்று நிற்கலாம். வழவழப்புக்குக் காரணம் செல்லைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை. அது நீரை ஈர்ப்பதால் செல்கள் தனித்தனியே மிதக்கும். பல இனங்களில், உறையை இழந்த சொரசொரப்பான வகையை உப்புநீரில் கலக்கினால் தானே திரண்டு படியும். தட்டில் தெரியும் தோற்றம் செல்லின் மேற்பரப்பைப் பற்றிய ஒரு துப்பு.

துப்புதான், விதி அல்ல. செல்லுக்கு வெளியே கசியும் பிசுபிசுப்பே திரளுக்குப் பசையாகவும் உதவுகிறது; அளவு மீறினால் கசடு கூழாகி, படியாது. துணையும் முக்கியம். தனியாகத் திரளாத அசினெட்டோபாக்டர் வகை ஒன்று, கசடிலுள்ள வேறு பாக்டீரியாக்களோடு சேர்ந்தால் திரள்வதை 2003இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

இழை பாக்டீரியாக்கள் அளவோடு இருந்தால் திரளுக்கு எலும்புக்கூடு. பெருகினால் திரள்கள் பஞ்சாக உப்பும். நெல் ஊறவைத்த நீர், சர்க்கரை ஆலைக் கழிவு போன்றவற்றில் எளிதில் கரையும் உணவு மிகுந்து, நைட்ரஜன் குறைந்தால் இந்தச் சிக்கல் வரும். படியாத கசடு நீரோடு ஏரிக்குப் போய்விடும். அதனால்தான் நிலையங்களில் ஒரு லிட்டர் அளவுக் குவளையில் கசடை ஊற்றி 30 நிமிடம் கழித்துப் படிவின் உயரத்தைப் பார்க்கிறார்கள்.

வகுப்பில் கழிவுநீரைத் தொடவே வேண்டாம். மண் கலக்கிய நீரை இரண்டு பாட்டில்களில் எடுத்து, ஒன்றில் சிறிது படிகாரம் போட்டு, அதே 30 நிமிடம் காத்திருங்கள். ஐந்து நிமிடத்திற்கு ஒருமுறை படிவின் உயரத்தைப் பிள்ளைகளே அளந்து வரைபடம் போடட்டும்.